அம்மம்மாவின் கல்வெட்டு: 31ஆம் நாளுக்குள் அச்சில் வர

கல்வெட்டு என்பது இறந்தவரின் நினைவாக முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் சிறு புத்தகம். அதை அச்சிடுவோருக்குக் கொழும்புப் பக்கத்தில் மூன்று இடங்களிலிருந்து வந்த யோசனைகள் இவை.

வெள்ளவத்தையிலிருந்து:
முதலில் நாட்கணக்கைச் சரிபாருங்கள். இறந்த நாளே முதல் நாள். மார்ச் 5 என்றால் முப்பத்தோராம் நாள் ஏப்ரல் 4. ஒரு நாள் பிசகினாலும் பந்தி முடிந்தபிறகுதான் புத்தகக்கட்டு வந்திறங்கும். எழுத்தும் படமும் இருபதாம் நாளுக்குள் அச்சகத்துக்குப் போய்விட வேண்டும். நடுவில் கம்பிப் பின் அடிக்கும் புத்தகம் என்றால் பக்கம் நான்கின் மடங்கில் வரும். 34 பக்கம் எழுதிக் கொடுத்தால் 36 ஆக்குவார்கள், அந்த வெற்றுப் பக்கத்தில் ஒரு பூச்சாடிப் படம் வந்து குந்தும். அதற்குப் பதில் ஒரு திருவாசகப் பதிகத்தைக் கையில் வைத்திருங்கள்.

எழுத்துரு இன்னொரு தலையிடி. சில அச்சகங்களில் இன்னும் பாமினி என்ற, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருதான். உங்கள் யூனிகோட் எழுத்தை அங்கே பழைய மென்பொருளில் ஒட்டினால் ‘கொ’, ‘கே’ எல்லாம் கொம்பு இடம்மாறிச் சிதறும். மாற்றியபிறகு கொம்புள்ள எழுத்துகளை மட்டும் தனியாக ஒருமுறை பாருங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
இறந்த ஆண்டு, மாதம், திதியைப் பாட்டாகச் சொல்லும் திதி வெண்பாவுக்குத் தேதி மட்டும் போதாது அண்ணா, இறந்த நேரமும் வேண்டும். திதி நள்ளிரவில் மாறுவதில்லை. பகலிலும் மாறும், விடியற்காலையிலும் மாறும். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் சில மணிநேரம் வித்தியாசம் வரும். ஆகவே கிரியை செய்யும் ஐயர் எந்தப் பஞ்சாங்கம் பார்க்கிறாரோ அதையே பின்பற்றுங்கள். ஆண்டுத் திவசமும் அந்த மாதம், அந்த வளர்பிறை அல்லது தேய்பிறை, அந்தத் திதியில்தான் வரும். கல்வெட்டில் பிழைத்தால் பிள்ளைகள் வருடாவருடம் பிழையான நாளில் விரதமிருப்பார்கள். டொரன்டோவில் இறந்தவருக்கு அந்த நேரத்தைக் கொழும்பு நேரமாக்கியபிறகே இங்குள்ள பஞ்சாங்கத்தைப் புரட்ட வேண்டும்: கோடையில் 9½ மணி கூட்டுங்கள், குளிர்காலத்தில் 10½. ஆண்டுப் பெயரும் சித்திரையில்தான் மாறும். 2026 ஜனவரி என்றால் விசுவாவசு, பராபவ அல்ல.

வெண்பா கைக்கு வந்தபின் ‘இந்தச் சொல்லுக்குப் பதில் அம்மாவின் பெயரைப் போடுவோம்’ என்று யாரும் கைவைக்க வேண்டாம். தளை தட்டும், அதாவது வெண்பாவின் ஓசைக்கட்டு குலையும். எழுதியவரிடமே சொல்லி மாற்றுவியுங்கள்.

தெஹிவளையிலிருந்து:
பிறந்த தேதியில் பிள்ளைகள் ஆளுக்கொன்று சொன்னால் அவரது பழைய அடையாள அட்டையை எடுங்கள். முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள். பெண்களுக்கு அதில் 500 கூட்டியிருக்கும். 38542 என்று தொடங்கினால் 1938, 42ஆவது நாள், அதாவது பெப்ரவரி 11. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் வைத்தே எண்ணுங்கள், இல்லாவிட்டால் மார்ச்சுக்குப் பிறகு ஒரு நாள் தவறும். அட்டை எடுத்தபோது கொடுத்த தேதியே பிழையாகவும் இருக்கலாம். பிறப்புச் சான்றிதழோ சாதகக் குறிப்போ இருந்தால் அதையும் ஒப்பிடுங்கள்.

அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து அட்டைப்படமாக்காதீர்கள். 5 அங்குல அகலத்தில் தெளிவாக வர 1500 பிக்சல் வேண்டும். கலியாண அல்பத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து அவரை மட்டும் வெட்டி எடுக்கலாம். வாட்ஸ்அப்பில் படமாக வந்தது சுருங்கியிருக்கும். டொக்கியுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து, மீண்டும்:
வாழ்க்கைக் குறிப்பைப் பற்றி ஒரு சொல். ‘அன்பே உருவானவர், விருந்தோம்பலில் சிறந்தவர்’ என்ற பக்கத்தைப் பெயரை மாற்றி எந்தப் பாட்டிக்கும் போடலாம், போடுகிறார்கள். எந்தப் பள்ளியில் எத்தனையாம் வகுப்புவரை, எந்த ஆண்டு எந்த ஒழுங்கைக்குக் குடிவந்தார், 1983க்குப் பிறகு எங்கெங்கே இருந்தார் என்று எழுதுங்கள். அவர் கூழ் காய்ச்சிய முறையும் ஒரு பக்கம் வரட்டும்: ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) மாவை எவ்வளவு நேரம் ஊறவைத்தார், கசப்புப் போக மேல்நீரை எத்தனை தரம் வடித்தார், புளி எப்போது விட்டார். ‘ஒரு சுண்டு’ என்றால் அந்தச் சுண்டு, அதாவது அளவுப் பாத்திரம், வீட்டில் இருக்கும்போதே அது கொள்ளும் மாவைத் தராசில் வைத்து நிறுத்து எழுதுங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
வம்சாவளியைப் புரூஃபில் கண்ணால் மட்டும் பார்க்காதீர்கள். மூத்த பெரியம்மாவுக்குத் தொலைபேசியில் ஒவ்வொரு பெயராக வாசியுங்கள். விடுபடுவது பெரும்பாலும் கடைசியாய்ப் பிறந்த பூட்டப்பிள்ளையும் காலமான மருமகனும்தான்.