சப்டைட்டில் வேலைக்கு மாறுபவர்களுக்கான குறிப்பு: உங்கள் உதவி தேவை

வணக்கம். ஆசிரியர், கணக்காளர் வேலையில் பல வருடம் இருந்துவிட்டு, 45, 50 வயதில் ஆன்லைனில் சப்டைட்டில் போட்டுச் சம்பாதிக்க வருபவர்களுக்காக ஒரு குறிப்பு எழுதுகிறோம். இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறோம்.

முதலாவது, எழுத்து எண்ணிக்கை. வரிக்கு 42 எழுத்து, ஒரே நேரத்தில் 2 வரி என்பது பலரும் கேட்கும் வரம்பு. ஆனால் மென்பொருள் பலவும் கொம்பு, புள்ளி, விசிறியைத் தனித்தனியாக எண்ணுகின்றன. "கொடுக்கிறோம்" நம் கண்ணுக்கு 6 எழுத்து; யூனிகோடு (கணினி எழுத்துகளைப் பதியும் முறை) கணக்கில் 12. வாசிக்க வசதியான வரியிலும் சிவப்பு எச்சரிக்கை வரும், புதியவர்கள் பயந்து நல்ல வாக்கியத்தை வெட்டிவிடுவார்கள். தமிழ் எழுத்தாக எண்ணும் மென்பொருள் எதையாவது பயன்படுத்துகிறீர்களா? வாடிக்கையாளரிடம் இதை எப்படிப் புரியவைக்கிறீர்கள்?

இரண்டாவது, கூலி. வீடியோ நிமிடத்துக்கு இவ்வளவு என்றுதான் பேசுவார்கள். 10 நிமிட வீடியோவுக்கு 2 மணி நேரம் ஆனால், மணிக்கூலி அந்தத் தொகையைப் போல் 5 மடங்குதான். திருத்தம் கேட்டால் அதுவும் குறையும். எத்தனை முறை இலவசமாகத் திருத்தித் தருகிறீர்கள்?

கோப்பை யூடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் முறை) ஆகச் சேமிக்காவிட்டால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக (?) மாறிவிடலாம், எஸ்ஆர்டி (சப்டைட்டில் கோப்பு வகை) நேரக்குறியில் மில்லிசெகண்டுக்கு முன் புள்ளி அல்ல, காற்புள்ளி (00:01:05,200) என்பதெல்லாம் எழுதியாயிற்று. வேலை தர முன்பணம் கட்டச் சொல்பவர்களை நம்பக்கூடாது என்பதும்தான்.

வேறு ஏதாவது விட்டிருந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.