ஸ்கூல் மேட்ச்ல பாத்த ஒருத்தர், இன்னும் மனசுல நிக்கிறவங்க - சொல்லுங்க

பழைய வண்ணை ஸ்ட்ரைக்கர்:
நானே ஆரம்பிக்கிறேன். ஒன்பதாவது, ஜோன் மேட்ச், கேரம் சிங்கிள்ஸ், தண்டையார்பேட்டைல ஒரு ஸ்கூல் வராண்டா. மூணாவது கேம், எனக்கு 20 அவனுக்கு 23. அவனுக்கு ரெட்டுக்கு பாயின்ட் வராது, ஆனா போர்டுல அவனோடது ஒரே காயின், அதுவும் பாக்கெட் வாய்ல. ஸ்ட்ரைக்கர் வெக்கிறப்ப அவன் சட்டைக் கை என் காயின் ஒண்ணுல பட்டிருக்கு. அம்பயர் சார் டீ குடிச்சிட்டு இருந்தார், நான் பவுடர் தட்டிட்டு இருந்தேன். அவனே "சார் கை பட்ருச்சு"ன்னு சொல்லி, ஃபைனா, விழுந்த அவன் காயின்ல ஒண்ணை எடுத்து நீட்டினான். அடுத்த டர்ன்ல நான் ரெட்டு, பாலோ, மிச்சம் எல்லாம் போட்டு முடிச்சிட்டேன். கை குடுத்தான், என் கையெல்லாம் போரிக் பவுடர். நானா இருந்தா சொல்லிருப்பனா? சத்தியமா மாட்டேன்.

வியாசர் லெஃப்ட் விங்:
கேரம்ல நேர்மை பேசலாம் ப்ரோ, புட்பால்ல பேசு பாக்கலாம். அண்டர் 14 செமி பைனல், எதிர் டீம் ஸ்டாப்பருக்கு, அதான் டிஃபென்ஸ்ல நடுவுல நிக்கிறவனுக்கு, மீசை. அரும்பு மீசைன்னு நெனக்காதீங்க, ட்ரிம் பண்ண மீசை. கோல் கிக்கு அடிச்சா எங்காளு தலைக்கு மேல போய் அந்தாண்ட விழுது. எங்க சார் போய் கேட்டா "பர்த் சர்டிபிகேட் கீது பாருங்க"ன்றாங்க. ஸ்கூலே கப்புக்காக வயசைக் குறைச்சா பசங்க இன்னாத்த கத்துப்பாங்க? நம்ம ஏரியா நந்தகுமார் 2023 டூரண்ட் கப்புல மோகன் பகானுக்கு எதிரா கோல் போட்டதை பாத்துட்டு, இந்த மாதிரி மேட்ச்ல எத்தன பேர் பாதில விட்டு போயிருப்பான்னு தான் தோணுச்சு.

ரிட்டயர்டு விசில்:
நான் ஸ்கூல்ல பி.இ.டி.யா, விளையாட்டு வாத்தியாரா இருந்தவன். பப்ளிக் எக்ஸாம் வந்தா என் பீரியட மேத்ஸ் டீச்சர் வாங்கிப்பாங்க, ஒரு பையன் பால கைல வெச்சிட்டே ட்ரிக்னாமெட்ரி எழுதினான், அது போதும் என் கதை. தம்பிங்களா, சர்டிபிகேட்ட முதல்ல பத்திரப்படுத்துங்க. லேமினேட் பண்ணாதீங்க. பேரு, இனிஷியல், பொறந்த தேதி மார்க்ஷீட்டோட ஒத்துப்போகணும். ஜெராக்ஸ் நாலஞ்சு வெச்சுக்கோங்க. தமிழ்நாட்டுல அரசு வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீடு 3 சதவீதம் இருக்கு, எந்த கேமுக்கு எந்த லெவல் வரைக்கும் செல்லும்னு பாத்துட்டு அப்ளை பண்ணுங்க. ஜோன் லெவலோட நிக்காம டிஸ்ட்ரிக்ட், ஸ்டேட்னு போங்க. காலைல ஊறவெச்ச கொண்டக்கடலை சாப்டுங்க, செல்போன குறைங்க.

ராயபுரம் ரெய்டர்:
கப்பு கப்புன்னு அலையறது தப்புன்னு எல்லாரும் ஈசியா சொல்றீங்க. எங்க வீட்ல ஜெயிச்சா தான் அடுத்த மேட்ச்சுக்கு விடுவாங்க. பிளஸ் ஒன், கபடி, கடைசி ரெய்டு, போனஸ் லைன தாண்டினேன், ரெஃப்ரி குடுக்கல, ஒரு பாயின்ட்ல போச்சு. அந்த ரெஃப்ரி மூஞ்சி இன்னும் ஞாபகம் இருக்கு. அன்னிக்கே என் ஷூ பரண்ல ஏறிடுச்சு. 2024ல அமெரிக்கால நடந்த கேரம் உலகக் கோப்பைல நம்ம வண்ணாரப்பேட்டை பக்கத்து காசிமா 3 தங்கம் வாங்குச்சே, ஆட்டோ ஓட்டுறவர் பொண்ணு, டிவில பாத்துட்டு அப்பா கேக்குறார் "நீ ஏம்மா விட்ட?"ன்னு. நானா விட்டேன்?

பழைய வண்ணை ஸ்ட்ரைக்கர்:
@ரிட்டயர்டு விசில், சார் நான் வேலை தேடல, அவனைத் தேடுறேன். 2009, லெஃப்ட் ஹேண்டு, காக்கி பேன்ட், சட்டைல ரெண்டாவது பட்டனுக்கு பதிலா ஊக்கு. பேரு அன்னிக்கு போர்டுல எழுதிருந்தாங்க, நான் என் பேர மட்டும் தான் பாத்தேன்.