பழைய ஜீப்பில் முந்தைய ஓனர் செய்த வேலைகளை எங்கிருந்து பிரிப்பது?

தேவாரம் தோட்டக்காரன்:
பூப்பாறைப் பக்கம் பழைய மகிந்திரா ஜீப் ஒன்று வாங்கினேன். 2523 சிசி டி.ஐ. (டீசலை நேராகச் சிலிண்டருக்குள் பீச்சும்) இன்ஜின். ஏலத்தோட்டத்துக்கு ஆள், உரம் ஏற்றுவதற்கு. பானெட்டுக்குள் பார்த்தால் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு) இல்லை. ரேடியேட்டர் முன்னால் கார் ஃபேன் ஒன்றைக் கட்டி, பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்திருக்கிறார்கள், ஃபியூஸ் கிடையாது. காற்றிலுள்ள தூசியை ஆயிலில் பிடிக்கும் ஆயில் ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டுக் கூம்பு ஃபில்டர் போட்டிருக்கிறது. டீசல் பம்பில், டீசல் அளவை யாரும் மாற்றாதபடி கட்டியிருக்கும் சீல் கம்பி அறுந்திருக்கிறது. மலையடிவாரத்து முந்தல் தாண்டி ஏறும்போது கரும்புகை, மேலே போகப் போகச் சூடு. எதை முதலில் சரிசெய்வது?

கம்பம் டிரைவர்:
எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றிப் புதுசு போட்டுவிடுங்கள் அண்ணே. நிம்மதி.

போடி பழைய மெக்கானிக்:
ஒரேயடியாக வேண்டாம் தம்பி. மலைவண்டியில் யாரும் சும்மா தெர்மோஸ்டாட்டைக் கழற்ற மாட்டார்கள். வண்டி கொதித்திருக்கும், கழற்றியிருப்பார்கள். அப்படியும் அடங்காமல் ஃபேன் வைத்திருப்பார்கள். ஏன் கொதித்தது என்பதை மட்டும் யாரும் பார்க்கவில்லை. அதைக் கண்டுபிடிக்காமல் புது தெர்மோஸ்டாட் போட்டால் முதல் ஏற்றத்திலேயே மறுபடி கொதிக்கும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது அந்த ஒயர். அது எங்காவது உரசி பாடியில் பட்டால் தீ. ஃபேன் வேண்டுமென்றால் ரிலே (சின்ன கரண்டில் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) போட்டு, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வையுங்கள்.

அடுத்து ரேடியேட்டர். கழற்றி மேல்வாயில் தண்ணீரை வேகமாக ஊற்றுங்கள், கீழ்வாயில் அதே வேகத்தில் வர வேண்டும். மேலேயே தேங்கி வழிந்தால் உள்ளே அடைப்பு. மூடியையும் பாருங்கள், ரப்பர் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது. அழுத்தம் இல்லாவிட்டால் போடிமெட்டு உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். இன்ஜினோடு சுற்றும் ஃபேனுக்குக் கவர் இருக்கிறதா? பலர் இடைஞ்சல் என்று வெட்டிவிடுகிறார்கள். கவர் இல்லாத ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை முழுதாக இழுக்காது.

இதெல்லாம் சரியான பிறகு தெர்மோஸ்டாட் கட்டாயம் போடுங்கள். தெர்மோஸ்டாட் இல்லாத டீசல் இன்ஜின், மார்கழிப் பனியில் போடிமெட்டிலிருந்து இறங்கும்போது சூடே ஏறாமல் ஓடும். டீசல் முழுதாக எரியாது, சிலிண்டரின் உள்சுவர் (போர்) தேயும், ஆயில் கெடும். இந்தச் சேதம் வெளியே தெரியாது, அதனால்தான் எனக்கு இதில் இவ்வளவு கோபம் வருகிறது.

தேவாரம் தோட்டக்காரன்:
ரேடியேட்டரில் பாதிக்கு மேல் அடைப்பு அண்ணே. தொட்டியைப் பிரித்துக் கம்பி விட்டபோது துருவும் செம்மண்ணுமாக வந்தது. ஓடைத் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். மூடியும் போய்விட்டது. ஃபேன் கவர் இருக்கிறது, ஆனால் உடைந்திருக்கிறது. கரும்புகைக்கு, டீசல் அளவை மாற்றும் பம்ப் ஸ்குருவை நானே கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாமா?

போடி பழைய மெக்கானிக்:
தொடாதீர்கள். முதலில் பழைய ஆயில் ஏர் ஃபில்டரைத் தேடி மாட்டுங்கள். கிண்ணத்தில் குறி வரைக்கும் ஆயில் ஊற்றி, ரப்பர் பைப்பில் கிளிப் இறுக்கமாக இருக்க வேண்டும். தோட்டப் பாதைத் தூசி ஒரு சீசன் உள்ளே போனாலே பிஸ்டன் ரிங் போய்விடும். மாட்டியதும் புகையைப் பாருங்கள். கூம்பு ஃபில்டர் அடைத்துக் காற்று குறைந்திருந்தாலும் கரும்புகை வரும், அப்படியென்றால் இப்போதே கொஞ்சம் குறையும்.

பிறகும் புகை இருந்தால் பம்பையும் டீசல் பீச்சும் நாசில்களையும் சேர்த்துக் கழற்றி பம்ப் கடைக்குக் கொடுங்கள். சோதனை பெஞ்சில் வைத்து அளந்து, கம்பெனி அளவுக்கு டீசலைக் குறைத்து, சீல் வைத்துத் தருவார்கள். ஏற்றத்தில் இழுவை குறைந்த மாதிரி இருக்கும். டிரைவர் டீசலைக் கூட்டச் சொல்வார், கேட்காதீர்கள், ஒரு கியர் இறக்கி ஓட்டச் சொல்லுங்கள். கூடுதல் டீசல்தான் பிஸ்டனைச் சுட்டு ஓட்டையாக்குகிறது.

தேவாரம் தோட்டக்காரன்:
சரி அண்ணே. ஒயரைப் பிடுங்கிவிட்டேன். ஃபில்டர் போடியில் பழைய சாமான் கடையில் கேட்டு வைத்திருக்கிறேன், கிண்ணம் நசுங்காமல் இருந்தால் வாங்கிவிடுவேன்.

போடி பழைய மெக்கானிக்:
கிண்ணத்தோடு உள்ளே இருக்கும் கம்பி வலையும் முழுசாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.