மாலத்தீவு 4 இரவு, 2 பேர்: செலவை எங்கே பிடிப்பது?

நீலக்கரை:
விமான டிக்கெட் எடுத்தாச்சு. ரிசார்ட் நம்ம கைக்கு எட்டாது. மக்கள் வசிக்கும் தீவில் கெஸ்ட்ஹவுஸ் எடுக்கலாம்னு இருக்கோம். மாஃபுஷியில் 2 பேருக்கு அறை ஒரு இரவு 50 டாலர் '++' என்று போட்டிருக்காங்க. இந்த ++ என்ன? தீவுக்குப் போக ஸ்பீட்போட் கட்டாயமா? கரையிலிருந்தே இறங்கி ஸ்நார்கெல் (மாஸ்க், மூச்சுக்குழாய் மாட்டி மிதந்தபடி நீருக்கடியில் பார்ப்பது) பண்ண முடியுமா? இரண்டு பேருக்கும் நீச்சல் சுமாராத்தான் வரும்.

கணக்குப்புலி:
முதலில் அந்த ++. ஒன்று 10% சேவைக் கட்டணம். இன்னொன்று சுற்றுலாப் பொருள்-சேவை வரி, 2025 ஜூலையிலிருந்து 17%. சேவைக் கட்டணத்தைச் சேர்த்த பிறகுதான் வரி போடுவார்கள். அதனால் 50 டாலர் 55 ஆகி, வரியோடு 64.35 ஆகும். இதோடு முடியவில்லை. பசுமை வரி தனி. 50 அறை வரை உள்ள கெஸ்ட்ஹவுஸில் ஆளுக்கு ஒரு இரவுக்கு 6 டாலர். இரண்டு பேருக்கு 12. ஆக, 50 டாலர் அறை உண்மையில் 76.35 டாலர். நான்கு இரவுக்கு 305.40. பல முன்பதிவுத் தளங்களில் பசுமை வரி கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில்தான் இருக்கும், சில இடங்களில் கெஸ்ட்ஹவுஸிலேயே கட்டச் சொல்வார்கள். "எல்லா வரியும் சேர்த்து மொத்தம் எவ்வளவு" என்று எழுத்தில் பதில் வாங்கிவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இன்னொன்று: இமுகா என்ற பயணிப் படிவத்தைப் போகும்போதும் திரும்பும்போதும் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் கிடையாது. சுற்றுலா விசாவும் இறங்கியதும் இலவசமாகவே கிடைக்கும்.

தோணித்துறை:
ஸ்பீட்போட் கட்டாயமில்லை, ஆனால் ஃபெர்ரியை நம்பினால் நேரமும் கிழமையும் ஒத்துவரணும். விமான நிலையம் ஹுல்ஹுலே என்ற தனித் தீவில் இருக்கிறது. மாஃபுஷி ஃபெர்ரி அங்கிருந்து கிளம்பாது. பாலம் வழியாகத் தலைநகர் மாலே போய், தென்மேற்கு முனையில் உள்ள வில்லிங்கிலி முனையத்தில் ஏறணும். பயணம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், கட்டணம் ஸ்பீட்போட்டோடு ஒப்பிட்டால் ரொம்பக் குறைவு. ஸ்பீட்போட் விமான நிலையப் படகுத்துறையிலிருந்தே கிளம்பும், முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

பலர் தவறுவது எங்கே என்றால், வெள்ளிக்கிழமை. அன்று வழக்கமான ஃபெர்ரி ஓடாது. அதேபோல் மாலையில் வந்து இறங்கினால் அன்றைய ஃபெர்ரி போயிருக்கும். அப்போது மாலேயிலோ பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயிலோ ஓர் இரவு தங்கினால், அந்த அறை வாடகை ஸ்பீட்போட் கட்டணத்தையே தாண்டிவிடும். மிச்சம் பிடித்தது மிச்சமே இல்லை. நண்பகலுக்கு முன் இறங்கும் விமானம் என்றால் போகும்போது ஃபெர்ரி, திரும்பும்போது ஸ்பீட்போட் என்பதே நல்ல கலவை. திரும்பும் நாளில் கடல் கொந்தளித்து ஃபெர்ரி தாமதமானால் விமானம் போய்விடும், அதில் கஞ்சம் வேண்டாம்.

பவளப்பாறை:
ஸ்நார்கெல் பற்றி. மாஃபுஷியில் கரையிலிருந்து பார்க்கக்கூடிய பவளம் சுமார்தான், நல்லதைப் பார்க்கப் படகுப் பயணம் எடுக்க வேண்டியிருக்கும். அது ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் செலவு. இப்போதே யோசித்து முடிவெடுங்கள்: ஃபுலிதூ என்ற தீவில் திருக்கை மீன்கள் கரையோர ஆழமில்லாத நீருக்கே வரும், ஆனால் தூரம் அதிகம், போக்குவரத்துச் செலவு கூடும். 4 இரவுக்குள் தீவு மாற்றாதீர்கள், ஒரு நாள் படகிலேயே போய்விடும்.

மாஸ்க் மட்டும் சொந்தமாகக் கொண்டுபோங்கள். வாங்கும்போது பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல மூச்சை இழுங்கள், கையை எடுத்தாலும் விழாமல் நின்றால் பொருந்துகிறது. மீசை இருந்தால் அந்த வழியாக நீர் கசியும், மேலுதட்டில் கொஞ்சம் வாசலின் தடவணும். புது மாஸ்க்கின் கண்ணாடி உட்புறத்தில் தயாரிப்பின்போது படிந்த மெல்லிய படலம் இருக்கும், பனி பிடிப்பதற்குக் காரணம் அதுதான். பற்பசையால் தேய்த்து நன்றாகக் கழுவிவிடுங்கள்.

நீச்சல் சுமார் என்பதால் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இறங்கவே வேண்டாம். நீர் வற்றும் நேரத்தில் பவளத்தின் மேல் வயிறு உரசும், அந்தக் காயம் லேசில் ஆறாது. நீர் ஏற்றத்தின்போது இறங்குங்கள். முதலில் நீரோட்டத்துக்கு எதிராக நீந்திப் போய், களைப்பு வரும்போது அதோடு திரும்புங்கள். தீவுகளுக்கு இடையேயுள்ள கால்வாய்ப் பக்கம் நீரோட்டம் வலுவாக இருக்கும், அங்கே போக வேண்டாம். வெயிலுக்கு முழுக்கை நீச்சல் சட்டை போதும், சன்ஸ்கிரீன் செலவும் பாதியாகும்.

நீலக்கரை:
நன்றி. எங்கள் விமானம் வியாழன் இரவு 8 மணிக்கு இறங்குது. அப்போ ஃபெர்ரி கணக்கே கிடையாதா?

தோணித்துறை:
கிடையாது. மறுநாளும் வெள்ளி. இரவில் ஸ்பீட்போட் எத்தனை மணி வரை என்று கெஸ்ட்ஹவுஸிடம் இப்போதே கேட்டு இருக்கையை உறுதி செய்யுங்கள். கடைசிப் படகு தவறினால் தனிப்படகுதான், அதன் விலை உங்கள் அறை வாடகை மொத்தத்தையும் தொடும்.

கணக்குப்புலி:
மதுவைப் பையில் வைக்காதீர்கள், விமான நிலைய ஸ்கேனிலேயே எடுத்துவிடுவார்கள். மக்கள் வசிக்கும் தீவுகளில் விற்பனையும் இல்லை. நீச்சலுடை அதற்கென ஒதுக்கிய கடற்கரையில் மட்டும். கிழியாத, கறையில்லாத சின்ன டாலர் நோட்டுகளாகக் கொண்டுபோங்கள், சாப்பாட்டுக்குக் கொஞ்சம் ருஃபியாவாக (மாலத்தீவு நாணயம்) மாற்றிக்கொள்ளுங்கள். ஊர்க்காரர்கள் சாப்பிடும் கடையில் ருஃபியாவில் கொடுத்தால், சுற்றுலாக் கடையின் டாலர் விலையை விட நன்றாகவே குறையும்.