டெஸ்லா காயில்: அடுக்கு எங்கே கூடாது, எங்கே வேண்டும்

டெஸ்லா காயில் என்பது காற்றில் ஸ்பார்க் விடும் ஹை வோல்டேஜ் காயில். அதில் உச்ச வோல்டேஜ் எழும் உயரமான காயில்தான் செகண்டரி. அதை ரெண்டு அடுக்காகக் கட்டலாமா என்று கேட்பவர்கள் முதலில் கணக்கைப் போடுங்கள். 110 மி.மீ. பிவிசி பைப்பில் 28 கேஜ் எனாமல் கம்பியை 45 செ.மீ. உயரத்துக்குக் கட்டினால் ஏறக்குறைய 1,070 சுத்து. கம்பி 370 மீட்டர், எடையும் 370 கிராம் பக்கம். அரைக் கிலோவாக வாங்குங்கள், நடுவில் ஒட்டுப் போடவே கூடாது. உச்சியில் 200 கிலோவோல்ட் என்று வைத்தாலும் அடுத்தடுத்த சுத்துக்கு இடையே 190 வோல்ட்டுக்குள்தான். எனாமல் தாராளமாகத் தாங்கும். அதையே மடக்கிக் கீழே கொண்டுவந்தால் கடைசிச் சுத்து முதல் சுத்தின் மேலேயே உட்காரும், முழு வோல்டேஜும் எனாமல் கனத்தில் நிற்கும். ஓட்டை விழுந்தே தீரும். ஒரே ஒரு சுத்து ஏறிக்கொண்டாலும் பிரித்துக் கட்டுங்கள்.

---

மேலே அண்ணே சொன்னதோடு பைப்பையும் கவனியுங்க. பிவிசி வெயிலில் விரியும் அளவு தாமிரம் விரியாது. நம்ம மதுரைச் சித்திரை வெயிலில், மத்தியானம் கெட்டியாகக் கட்டிய காயில் ராத்திரி பைப் சுருங்கியதும் தொளதொளன்னு ஆயிடும். விடியக்காலையில் கட்டி, அன்னைக்கே மெல்லிசா முதல் கோட் வார்னிஷ் கொடுங்க. ஐப்பசி மழையில் ஈரத்தோடு வார்னிஷ் அடிச்சா ஈரம் உள்ளேயே தங்கிடும். பைப்பில் இருக்கிற அச்சு மையை உப்புத்தாளால் தேய்ச்சு எடுத்துடுங்க. கம்பி முனையைத் துளை போட்டு பைப்புக்குள்ளே விடவே வேண்டாம், ஸ்பார்க் உள்வழியா இறங்கும்.

---

அடுக்கு தேவைப்படுவது காயிலுக்குச் சக்தி கொடுக்கும் ஹை வோல்டேஜ் டிரான்ஸ்பார்மரில். 20 கிலோவோல்ட்டை 10 அடுக்கில் எடுத்தால் அடுக்குக்கு 2 கிலோவோல்ட். போய்த் திரும்பிக் கட்டும்போது மடங்கும் பக்கம் வித்தியாசம் கிட்டத்தட்ட பூஜ்யம், எதிர்ப்பக்கம் 4 கிலோவோல்ட். அடிபடுவது எப்போதும் அந்த எதிர்ப்பக்கம்தான். கம்பியை ஒவ்வொரு முறையும் ஆரம்பப் பக்கத்துக்கே கொண்டுவந்து அடுத்த அடுக்கைத் தொடங்கினால் எங்கும் ஒரே 2 கிலோவோல்ட். ஆனால் திரும்பி வரும் கம்பிக்குத் தனியாகத் தாள் போட வேண்டும்.

அடுக்குக்கு அடுக்கு பாலியெஸ்டர் தாள் வைத்து, ரெண்டு ஓரத்திலும் கம்பி இல்லாமல் 5 மி.மீ. விடுங்கள். தாள் கனத்தை ஏற்றிவிட்டு ஓரத்தை விட மறந்தால் பயனில்லை. ஸ்பார்க் தாளைத் துளைக்காது, ஓரத்தைச் சுற்றி வரும். பாபினை (கம்பி சுற்றும் கூடு) தடுப்பு வைத்துப் பிரித்துக் கட்டுவது இன்னும் நல்லது, ஒவ்வொரு அறையிலும் அடுக்கு வோல்டேஜ் குறையும். வார்னிஷை வேக்குவம் (காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடம்) வைத்து ஏற்றுங்கள். காற்றுக்குமிழி தங்கினால் மின்புலம் வார்னிஷைவிடக் குமிழியில்தான் அதிகம். அங்கே சன்னமாகப் பொரிந்து பொரிந்து, பல நாள் நன்றாக ஓடிய காயில் ஒருநாள் கருகும்.

---

கட்டுவது சிரமம் என்று மைக்ரோவேவ் அடுப்பு டிரான்ஸ்பார்மரை எடுக்க நினைக்கும் தம்பிகளுக்கு: அதில் வருவது 2,000 வோல்ட், அரை ஆம்பியர் அளவுக்கு. தொட்டால் உயிர் போகும். தயவுசெய்து அது வேண்டாம்.