ஆபீஸில் தானப்பால் எடுக்கிறவர்கள் பம்பை எப்படிக் கழுவுகிறீர்கள்?

துரைப்பாக்கம்_அம்மா:
பாப்பாவுக்கு ஏழு மாதம். அவளுக்குப் போக மிச்சமாகும் பாலை ரெண்டு மாதமாகத் தாய்ப்பால் வங்கிக்குக் கொடுத்து வருகிறேன். போன வாரம் வங்கியிலிருந்து போன் வந்தது, கடைசியாகக் கொடுத்ததில் கிருமி அளவு அதிகமாம், கொட்டிவிட்டார்களாம். பன்னிரண்டு பாட்டில். பொறுமையாகத்தான் சொன்னார்கள், குறையே சொல்லவில்லை, ஆனாலும் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

வீட்டில் பம்ப் பாகங்களைத் தினமும் கொதிக்க வைக்கிறேன், அதனால் சந்தேகம் ஆபீஸ் மேல்தான். பால் எடுக்கத் தனி அறை இருக்கிறது, ஆனால் தண்ணீர் வசதி இல்லை. பேன்ட்ரி சிங்க்கில்தான் எல்லாரும் டிபன் பாக்ஸ் கழுவுவார்கள், சாம்பார் பருப்பு அடைத்து நிற்கும். அதிலேயே பாகங்களைப் போட்டு அலசி, அங்கே தொங்கும் துண்டால் துடைத்து, ஜிப் கவரில் மூடி வைப்பேன். மூன்று மணிக்குத் திறந்தால் கவருக்குள் முத்து முத்தாக வேர்த்திருக்கும். கழுவவே வேண்டாம், ஃப்ரிட்ஜில் வைத்தால் போதும் என்கிறாள் ஒரு தோழி. சரியா?

என்ஐசியூ_நர்ஸ்:
நீங்கள் கொடுக்கும் பால் பெரும்பாலும் ஒன்றரைக் கிலோகூட இல்லாத குறைமாதக் குழந்தைகளுக்குத்தான் போகிறது மா. உங்கள் பாப்பா தாங்குவதை அந்தக் குழந்தைகள் தாங்க மாட்டார்கள், அதனால்தான் இவ்வளவு கறார். வங்கியில் 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்குகிறார்களே என்று கேட்பார்கள். பெரும்பாலான கிருமி அதில் சாகும், ஆனால் தூசியிலும் மண்ணிலும் இருக்கிற பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் (கெட்டி ஓட்டுக்குள் உறங்கிக் கிடக்கும் வடிவம்) அந்தச் சூட்டையும் தாண்டி உயிரோடு இருக்கும்.

சிங்க்கில் மட்டும் நேராகப் போடாதீர்கள். 2016இல் அமெரிக்காவில் ஒரு குறைமாதக் குழந்தைக்கு க்ரோனோபாக்டர் தொற்று வந்து தேடியபோது, வீட்டு சிங்க்கின் வடிகாலிலும் பம்ப் பாகங்களிலும் அதே கிருமி இருந்தது. பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் மணிக்கணக்கில் ஊற விட்டிருக்கிறார்கள், தேய்க்கவில்லை. அந்தத் துண்டும் வேண்டாம், உங்கள் பம்பைத் துடைப்பதற்கு முன் அது எத்தனை கையைத் துடைத்திருக்குமோ. ஈரத்தோடு மூடியதுதான் எல்லாவற்றையும் விட மோசம். ஃப்ரிட்ஜ் கிருமியைக் கொல்லாது, வளர்ச்சியை மெதுவாக்கும், அவ்வளவுதான். சொந்தக் குழந்தைக்கு எப்போதாவது ஓட்டலாம், தானப்பாலுக்கு வேண்டாம்.

வேளச்சேரி_பவி:
நான் பத்து மாதம் கொடுத்தேன், எனக்கு வழிக்கு வந்தது ரெண்டு செட் வாங்கிய பிறகுதான். மோட்டார் ஒன்று போதும். புனல், வால்வு, சவ்வு, பாட்டில் மட்டும் இன்னொரு செட். ரெண்டையும் ராத்திரி கழுவி ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, காலையில் நன்றாகக் காய்ந்த பிறகு தனித்தனி எவர்சில்வர் டப்பாவில் எடுத்துப் போவேன். ஆபீஸில் கழுவும் வேலையே இல்லை, குழாயில் ஒருமுறை அலசிப் பையில் போட்டுக்கொண்டு வந்தால் போதும்.

கழுவித்தான் ஆக வேண்டுமென்றால் சின்ன பிளாஸ்டிக் டப் ஒன்று, பிரஷ் ஒன்று, பம்புக்கு மட்டும் என்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அவற்றையும் கழுவிக் காய வையுங்கள். வால்வைப் பிரித்துப் பாருங்கள், அந்தக் கீறலுக்குள் பால் ஆடை வெள்ளையாக ஒட்டியிருக்கும், வெளியே எவ்வளவு தேய்த்தாலும் போகாது. எனக்கும் ஒரு தடவை திருப்பி அனுப்பினார்கள், காரணம் அதுதான் என்று இன்னும் நினைக்கிறேன். ட்யூபைக் கழுவாதீர்கள், உள்ளே நீராவி படிந்தால் பால் எடுத்த பிறகும் ரெண்டு மூன்று நிமிடம் மோட்டாரை ஓட விடுங்கள். கறுப்புப் புள்ளி தெரிந்தால் யோசிக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பெருங்குடி_வாசி:
நம் பக்கத்துப் போர்வெல் தண்ணீரில் உப்பு படிந்து புனல் சுண்ணாம்பு பூசின மாதிரி ஆகிவிடும், அந்தச் சொரசொரப்பில் அழுக்கு சுலபமாகத் தங்கும். நான் கேன் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றித்தான் கடைசி அலசல். கைக்குச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் பாட்டிலைத் திறக்கிறீர்களா? அப்புறம் குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வழக்கமான ஓய்வு நேரம் போக ரெண்டு இடைவேளை சட்டப்படி உண்டு, ஹெச்ஆரிடம் கேளுங்கள். அவசரத்தில் பத்து நிமிடத்தில் எடுத்தால் கழுவுவதும் அரைகுறையாகத்தான் இருக்கும்.

துரைப்பாக்கம்_அம்மா:
பவி அக்கா, நீங்கள் சொன்னதும் வால்வைப் பிரித்துப் பார்த்தேன். மஞ்சளாக, வழுவழுவென்று இருந்தது. அதைப் போட்டுவிட்டுப் புது செட் ரெண்டு வாங்கிவிட்டேன். இனிமேல் எடுத்த பாட்டில்களை ஐஸ் பேக்கோடு வைத்து, வீட்டுக்குப் போனதும் ஃப்ரீசரில் போடலாம் என்றிருக்கிறேன். வங்கியில் கேட்டதற்கு, அடுத்த தடவை முதலில் ரெண்டு பாட்டில் மட்டும் கொண்டு வாருங்கள், பரிசோதித்துச் சொல்கிறோம் என்றார்கள். புதன்கிழமை போகிறேன்.