ஜெர்மனில கொஞ்ச மாசம் தங்க வர்றவங்க ஆன்மெல்டுங் வாங்குறது – உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

வணக்கம் மக்களே. ப்ராஜெக்ட்டுக்கோ எக்ஸ்சேஞ்ச் செமஸ்டருக்கோ என்னை மாதிரி கெஸ்ட் ரிசர்ச்சுக்கோ கொஞ்ச மாசத்துக்கு மட்டும் இங்க வர்றவங்க எல்லாரும் முட்டிக்கிட்டு நிக்கிற இடம் ஒண்ணுதான், ஆன்மெல்டுங். இந்த அட்ரஸ்லதான் குடியிருக்கேன்னு ப்யூர்கர்ஆம்ட்ல, அதாவது ஊர் நகராட்சி ஆபீஸ்ல போய் பதியணும், அவங்க குடுக்குற அந்த ஒரு பேப்பரை வச்சுதான் பேங்க் அக்கவுண்ட், டாக்ஸ் நம்பர், விசா நீட்டிப்பு எல்லாமே நகரும்.

குடி வந்து 2 வாரத்துக்குள்ள பதியணும்ங்கிறது சட்டம். பாஸ்போர்ட், ஃபார்ம் இதெல்லாம் நம்ம கையில இருக்கு, பிரச்சினை இல்ல. நம்ம கையில இல்லாதது வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்னு ஒரு பேப்பர், இவர் என் வீட்டுல இந்தத் தேதிக்குக் குடி வந்தார்னு வீடு குடுத்தவர் கையெழுத்துப் போட்டுத் தரணும். 2015 நவம்பர்லயிருந்து இது கட்டாயம். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினா இதுக்கு ஈடாகாது. குறுகிய காலத்துக்கு வர்றவங்களுக்கு இங்கதான் அடி விழுது, ஏன்னா நமக்குக் கிடைக்கிறதெல்லாம் உள்வாடகை ரூம், இல்லன்னா மாச வாடகைக்கு விடுற ஃபர்னிஷ்டு ஃப்ளாட், விளம்பரத்துலயே 'கைனே ஆன்மெல்டுங்'னு போட்டிருப்பான், அதாவது தங்கிக்கோ, வாடகை குடு, ஆனா இங்க இருக்கேன்னு பதியாதே. பதியச் சொல்றது சட்டம், பதியாதேன்னு சொல்றது வீட்டுக்காரர், நடுவுல மாட்டிக்கிறது ஊருக்குப் புதுசா வந்த ஆள். எனக்கு இது ரொம்ப அநியாயமாப் படுது.

என் விஷயத்துல ஒரு ஸ்டூடண்ட் பொண்ணு அவ எடுத்திருந்த வீட்டுல ஒரு ரூமை எனக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தா. நல்ல பொண்ணுதான், ஆனா கையெழுத்துன்னதும் பயந்துட்டா, வீடு என்னோடது இல்லையே, ஓனர்தானே போடணும்னா. ஓனரோ வாரக்கணக்கா மெயிலுக்குப் பதிலே போடல. 2 வாரம் முடியப்போகுது, எனக்கு ராத்திரி தூக்கம் வரல.

கடைசியில கைல இருந்த பேப்பரோட ப்யூர்கர்ஆம்ட் போனேன். கவுண்டர்ல இருந்த அம்மா நான் சொன்னதை முழுசாக் கேட்டுட்டு ஒரு காலி ஃபார்மை எடுத்து என் பக்கம் திருப்பி வச்சு பேனா முனையால ஒவ்வொரு கட்டமாத் தொட்டுக் காட்டினாங்க. வீடு குடுத்தவர் பேரு அட்ரஸ், குடி வந்த தேதி, வீட்டு அட்ரஸ், குடி வந்தவங்க பேரு, இவ்வளவுதான். வீடு குடுத்தவர்னா ஓனராத்தான் இருக்கணும்னு இல்ல, உள்வாடகைக்கு விட்டவங்க கையெழுத்தே செல்லும், ஓனர் வேற ஆளா இருந்தா அவர் பேரை மட்டும் தனியா எழுதினாப் போதும்னு சொன்னாங்க. இன்னொண்ணும் சொன்னாங்க, இதுதான் முக்கியம்: வீடு குடுத்தவர் கையெழுத்துப் போட மறுத்தா அதை நாமளே உடனே ஆபீஸ்ல சொல்லிடணும், அப்புறம் அவரைக் கேக்குறது அவங்க வேலை. ஏன்னா கையெழுத்துப் போட்டுத் தர்றது அவரோட கடமை, தரலைன்னா அவருக்கு 1000 யூரோ வரைக்கும் அபராதம் போகலாம்.

அந்த ஃபார்மை எடுத்துட்டுப் போய் அந்தப் பொண்ணுகிட்ட பொறுமையா விளக்கினேன், உடனே போட்டுக் குடுத்துட்டா. அடுத்த தடவை போனப்போ சட்டுனு வேலை முடிஞ்சு ஸ்டாம்ப் போட்ட பேப்பர் கைக்கு வந்துருச்சு.

அதனால ரூம் பார்க்குறவங்க வாடகை எவ்வளவு, வைஃபை உண்டான்னு கேக்குறதுக்கு முன்னாடி ஆன்மெல்டுங்குக்குக் கையெழுத்துப் போடுவீங்களான்னு கேளுங்க, பதிலை மெசேஜ்ல வாங்கி வச்சுக்கோங்க, அட்வான்ஸ் அதுக்கப்புறம் அனுப்பலாம். உங்களுக்கு என்ன நடந்துச்சுன்னும் எழுதுங்க, வரப்போறவங்களுக்கு உதவும்.

*

அக்கா நல்லா எழுதியிருக்கீங்க. நான் ஒண்ணு சேர்த்துக்கிறேன், பதிஞ்சதோட வேலை முடியல, தபால் பெட்டில உங்க பேரு இருக்கணும். 11 இலக்க டாக்ஸ் நம்பர் தபால்லதான் வரும், போஸ்ட்மேன் பேரைப் பார்த்துதான் போடுவார், இங்க ஃப்ளாட் நம்பர் எழுதுற பழக்கமே பெரும்பாலும் கிடையாது, பேரு இல்லைன்னா லெட்டர் திரும்பிப் போயிடும். எனக்கு அப்படித்தான் போச்சு, ஹவுஸ்மேட் பேரு மட்டும் ஒட்டியிருந்துச்சு, நம்பர் வராம இழுத்து கம்பெனில என் சம்பளத்துல வரியை 6-ஆம் வரி வகுப்புப்படி பிடிச்சுட்டாங்க, அது ரொம்ப ஜாஸ்தி, அப்புறம் நம்பர் குடுத்ததும் சரி பண்ணினாங்கன்னு வைங்க, ஆனா அந்த மாசம் கைல காசே இல்ல. ஒரு சின்ன பேப்பர்ல பேரெழுதி டேப் போட்டு ஒட்டினாலும் போதும்.

ரேடியோ டிவி கட்டணம்னு ஒரு லெட்டரும் வரும், மாசம் 18.36 யூரோ. பயப்படாதீங்க, அது ஆளுக்கு இல்ல, வீட்டுக்கு ஒண்ணுதான். ஏற்கனவே வீட்டுல ஒருத்தர் கட்டிட்டிருந்தா அவரோட கட்டணக் கணக்கு நம்பரை எழுதி அனுப்பிட்டா போதும்.

*

ஒரு எச்சரிக்கை ப்ரோஸ். காசு குடுத்தா அட்ரஸ் தர்றேன், நீ அங்க தங்க வேணாம்னு க்ரூப்புகள்ல மெசேஜ் வரும். அந்தப் பக்கமே போகாதீங்க. குடியிருக்காத அட்ரஸ்ல பதியிறது சட்டப்படி தப்பு, அப்படிப் பதிய அட்ரஸ் தர்றவனுக்கு 50,000 யூரோ வரைக்கும் அபராதம் போட வழி இருக்கு. என் கூட வேலை பார்த்த பையன் ஒருத்தன் வேற வழி தெரியாம இதை வாங்கிட்டான், பேங்க் கார்டு, ரகசிய நம்பர் லெட்டர் எல்லாம் முன்னப்பின்ன தெரியாத ஒருத்தன் வீட்டுக்குப் போச்சு. அவன் பட்ட பாட்டைக் கூட இருந்து பார்த்தவன் சொல்றேன்.

பேங்க் அக்கவுண்ட்டுக்காகத்தான் அவசரம்னா பாசிஸ்கோன்டோன்னு கேளுங்க. ஐரோப்பிய யூனியன்ல சட்டப்படி தங்கியிருக்குற யாருக்கும், நிலையான அட்ரஸ் இல்லாதவங்களுக்கும்கூட, அந்த அடிப்படை அக்கவுண்ட் திறக்க உரிமை இருக்கு, 2016-லயிருந்து.

*

பயனுள்ள தகவல், நன்றிங்க. எங்க அம்மா அப்பா 90 நாள் விசால வர்றாங்க, எங்க வீட்டுலதான் தங்குவாங்க. அவங்களும் பதியணுமா?

*

வேண்டாம் தம்பி. வெளிநாட்டுல குடியிருந்துட்டு இங்க சும்மா வந்து தங்குறவங்க 3 மாசம் வரைக்கும் பதிய வேண்டியதில்ல, அதுக்கு மேல இருந்தாதான் பதியணும். அம்மா அப்பா உங்க வீட்டுல இருக்குறதுக்கு உங்க ஆன்மெல்டுங்கும் நீங்க அனுப்பின அழைப்புக் கடிதமும் கைல இருந்தாப் போதும், ஏர்போர்ட்ல எங்க தங்குறீங்கன்னு கேட்டா எடுத்துக் காட்டலாம், அதோட நகலை அவங்க ஹேண்ட்பேக்லயே வச்சு அனுப்பச் சொல்லுங்க, செக்-இன் பெட்டில வேண்டாம்.

நீங்க திரும்பி ஊருக்குப் போறப்போ மறக்காம ஆப்மெல்டுங், அதாவது இந்தப் பதிவை நீக்குறதைப் பண்ணுங்க. கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடியிலயிருந்து பண்ணலாம், காலி பண்ணின 2 வாரத்துக்குள்ள முடிச்சிருக்கணும். அதுக்குத் தர்ற பேப்பரைப் பத்திரமா வைங்க. ரேடியோ கட்டணம் உங்க பேர்ல இருந்தா அதை நிறுத்த அவங்களுக்குத் தனியா எழுதணும், தானா நிக்காது.